ரேடியோவோடு மலைக்குப் போனோம்

“பாட்டு கேக்கறதுக்கும் நடக்கறதுக்கும் யாராச்சும் மலைக்குப் போவாங்களா? படிப்பு கூடிப்போச்சுலா உனக்கு.”

அத்தை சொன்னது. கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் நாங்கள் நான்காம் மாடி, அத்தை இரண்டாம் மாடி. கையில் மீன் பையோடு படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னார். நானும் விடவில்லை. ஆமாம், கூடித்தான் போய்விட்டது, அதற்காகத்தானே படித்தேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அங்கி போட்டுக்கொண்டு எடுத்த பட்டமளிப்புப் படம் எங்கள் வரவேற்பறையில் சாமிப் படங்களைவிடப் பெரியதாகத் தொங்குகிறது. கொஞ்சம் திமிர் இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

இதெல்லாம் இன்று ஏன் நினைவுக்கு வந்தது என்றால், மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிடப் போகும் வழியில் ஒரு துணிக்கடை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி வைத்து, நடந்து போகிறவர்களின் நெஞ்செலும்பு அதிரப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, “எத்தன தடவம்மா சொல்றது?” என்று தன் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மா எதுவும் நடக்காததுபோல் ஒரு புடவையின் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என் குரல்.

என் வேலை என்னவென்று நினைக்கிறீர்கள்? கேட்பதுதான். ஓர் அழைப்பு மையத்தில் மற்றவர்கள் வாடிக்கையாளர்களிடம் பேசிய பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிறேன். குறுக்கே பேசினால் இரண்டு மதிப்பெண் குறைப்பேன். குரலில் சலிப்பு தெரிந்தால் ஐந்து. அந்தக் கணக்கில் பார்த்தால், வீட்டில் நான் பேசிய பேச்சுக்கு என்னை முதல் வாரமே வேலையைவிட்டு அனுப்பியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ரேடியோ குளிர்பதனப் பெட்டியின் தலையில் இருக்கும். காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் இரவு அப்பா லோரியை நிறுத்திவிட்டு வரும்வரை ஓடும். சத்தம் படிக்கட்டுவரை கேட்கும். நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு இன்னும் கூடியது. எதிர்வீட்டு மலாய்க்கார அங்கிள் இரண்டு முறை கதவைத் தட்டினார். இரண்டாம் முறை குழந்தை தூங்குகிறது என்று சைகை காட்டினார். அம்மா அவருக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பிவிட்டு ரேடியோவை அப்படியே விட்டுவிட்டார். நான் குறைப்பேன், அம்மா கூட்டுவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணியதில்லை.

ரேடியோவின் குமிழில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சமையல் எண்ணெய்தான். ஆனால் என் மூக்குக்கு அது வேறு எண்ணெயை நினைவுபடுத்தும். கிள்ளானை ஒட்டிய மேரு பக்கம் ஓர் ஆணித் தொழிற்சாலையில் அம்மா பத்தொன்பது வருடம் வேலை செய்தார். கம்பியை இழுத்து, வெட்டி, தலை தட்டி ஆணியாகத் துப்பும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். ஒருமுறை சம்பள நாளன்று அப்பாவோடு வாசல்வரை போயிருக்கிறேன். அங்கேயே சத்தத்தில் பல் கூசியது. மாலையில் அம்மாவின் சீருடையில் இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை வரும். எனக்கு அது பிடிக்கும். பையில் எனக்கென்று எதையாவது கொண்டுவருவார். சில நாள் கேன்டீனில் பொரித்த கரிபாப். ஐந்தாம் படிவத் தேர்வு வருடத்தில் ஒரு ஜோடி மஞ்சள் பஞ்சு. விரலால் உருட்டிக் காதில் வைத்தால் மெல்ல ஊதிக்கொண்டு உலகமே அடங்கிவிடும். கீழே மோட்டார்சைக்கிள், மேலே சண்டை, வீட்டில் ரேடியோ, எதுவும் தெரியாது. நான் தேறியதற்கு முழுக்காரணம் என் மூளை என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, மலைக்கு வருகிறேன்.

வேலை நிரந்தரமான மாதம் அது. அம்மாவையும் அப்பாவையும் இரண்டு நாள் பிரேசர் மலைக்குக் கூட்டிப் போவதென்று முடிவு செய்தேன். அம்மா வாழ்நாளில் சும்மா இருந்ததில்லை. தொழிற்சாலையை மூடிய பிறகும் வீட்டில் எதையாவது தேய்த்துக்கொண்டே இருந்தார். பனி, பழைய கல் பங்களா, சமமான பாதையில் காலை நடை, மாலையில் தேநீரோடு வீணை. வீணைக்காக ஒரு சின்ன ஒலிபெருக்கியும் புதிதாக வாங்கினேன். படித்த பெண் பெற்றோருக்கு ஏற்பாடு செய்யும் விடுமுறை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு படம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா கொண்டுவந்தவை: சோறாக்கும் குக்கர், மத்தி மீன் டின் ஆறு, சம்பல் ஒரு போத்தல், இரண்டு கிலோ வெங்காயம், தரை துடைக்கும் துணி, ரேடியோ, அதற்கு எட்டு பேட்டரி.

“அங்க துணி இருக்காதா?” என்று கேட்டேன்.

“அவங்க துணி எப்படி இருக்குமோ,” என்றார் அம்மா.

அப்பா முதலாளியிடம் வேன் இரவல் வாங்கி வந்திருந்தார். ரவாங் தாண்டும்வரை எல்லோரும் நன்றாக இருந்தோம். வளைவுகள் தொடங்கியதும் எனக்குத்தான் வாந்தி. ஏற்பாட்டாளர் என்ற மரியாதை அங்கேயே பாதி போய்விட்டது. இரண்டு நாள் தங்கப்போகும் பங்களாவுக்குள் நுழைந்ததும் அம்மா முதல் வேலையாகக் குளியலறையைக் கழுவினார். நான் தடுத்தேன். தமிழாளுங்க வந்து இப்படிப் போட்டுட்டுப் போனாங்கன்னு ஒரு பேச்சு வரக்கூடாது என்றார். இன்னும் நாங்கள் அதைப் பயன்படுத்தவே இல்லையே என்று சொன்னேன். அவர் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கோபம் இதுதான்: அம்மா பதில் சொல்லமாட்டார். வேண்டிய இடத்தில் பேசுவார், வேண்டாத இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படித்தான் நினைத்தேன்.

மாலையில் பனி இறங்கியது. ஜன்னல் கண்ணாடி வெள்ளையானது. தேநீர் போட்டு மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டு வீணையை ஓடவிட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், உடனே குறட்டை. அம்மா என்னையும் ஒலிபெருக்கியையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஓடுதா? பேட்டரி போச்சா?”

“ஓடுதும்மா. இதான் பாட்டு.”

கொஞ்சநேரம் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் ரேடியோவைக் கொண்டுவந்தார். மலையில் தமிழ் அலைவரிசை ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஒரு வரி பாட்டு, இரண்டு வரி இரைச்சல். எனக்கு மண்டை வெடித்தது. அம்மா முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தார். அந்த இரைச்சல் அவரை ஒன்றுமே செய்யவில்லை. போதும்மா என்று சொல்லி நான் வீணையை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். குரலில் சலிப்பு, ஐந்து மதிப்பெண்.

காலை நடைக்கு அம்மா ஒரு நிபந்தனையோடு வந்தார். ரேடியோவும் வரும். துணிப்பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். பாதை நல்ல பாதை, ஏற்றமே இல்லை. இரண்டு பக்கமும் பாசி பிடித்த மரங்கள். அப்பா முன்னால் கையை வீசி நடந்தார். அம்மா சாலையோரம் சுருண்டிருந்த பாக்குக் கீரையை, அதுதான் பெரணித் தளிரை, கிள்ளலாமா என்று பார்த்துக்கொண்டே வந்தார். பை இரைந்துகொண்டே வந்தது.

ஒரு திருப்பத்தில், முக்காலியில் பெரிய கேமராவை நிறுத்திக்கொண்டு ஒரு சீன அங்கிள். எங்களைப் பார்த்ததும் மிகப் பணிவாக, அக்கா, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்க முடியுமா, பறவை வந்திருக்கிறது என்று மலாயில் கேட்டார். அம்மா சிரித்த முகத்தோடு, ஆமாம், குளிர்தான் என்றார். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. பைக்குள் கையைவிட்டு ரேடியோவை நானே அணைத்தேன். கொஞ்சம் வேகமாகத்தான்.

அப்போதுதான் அது கத்தியது. நேர் தலைக்குமேல். கூர்மையாக, நீளமாக, விசில் அடிப்பதுபோல். அங்கிள் விரலை உயர்த்தினார். அப்பா வாயைத் திறந்தபடி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மறுபடியும் கத்தியது. ஏதோ தோன்றி அம்மா பக்கம் திரும்பினேன். அம்மா மரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேருடைய முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் பட்டதும், எல்லோரும் பார்த்த திசையில் அவசரமாகத் தலையைத் தூக்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். என் தோழிகள் வீட்டுக்கு வரும்போது, பட்டமளிப்பு நாளில் பேராசிரியர் பேசும்போது, பல் மருத்துவர் கேள்வி கேட்கும்போது, எல்லா இடத்திலும் அதே சிரிப்பு. அம்மாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை, அதனால் சிரிக்கிறார் என்று நினைத்துக் கூசியிருக்கிறேன்.

அப்பாவை அங்கிளோடு விட்டுவிட்டு அம்மாவைக் கொஞ்சதூரம் தள்ளியிருந்த சிமென்ட் பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன். பின்னால் நின்று, அம்மா என்று சாதாரணமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை. கிள்ளிய கீரையைத் தட்டிக்கொண்டிருந்தார். முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

“எப்பலருந்தும்மா கேக்கல?”

“கேக்குதே. நீதான் மெதுவாப் பேசற. காலேஜ் போனதுலருந்து அப்படித்தான். படிச்சவங்க அப்படித்தான் பேசுவாங்கபோலன்னு விட்டுட்டேன்.”

அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். நான் பிடிவாதம் என்று நினைத்தேன், அவர் நாகரிகம் என்று நினைத்திருக்கிறார். அப்பாவுக்கு எப்படித் தெரியாமல் போனது என்றால், அப்பா லோரி இன்ஜினுக்கு மேல் பேசிப் பழகியவர், அவர் பேசினால் கிள்ளானுக்கே கேட்கும்.

ஃபேக்டரியில் காதுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“குடுத்தாங்களே, மஞ்ச பஞ்சு. மாசத்துக்கு ஒரு ஜோடி. நீதானே வச்சிட்டுப் படிச்ச.”

சொல்லிவிட்டு, வெயில் வருவதற்குள் கீரையைத் தண்ணீரில் போட வேண்டும் என்று எழுந்தார். நான் எழுந்திருக்க நேரமானது.

இந்த இடத்தில் மகள் அழுதாள், அம்மா அணைத்தார், மறுவாரமே மருத்துவமனை என்று முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அம்மாவை உங்களுக்குத் தெரியாது. இரண்டு வருடம் போராடினேன். முதலில் அழுக்கு என்றார், தேங்காயெண்ணெய் ஊற்றினார். பிறகு சளி. பிறகு, மெஷினை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால் கிழவி என்பார்கள் என்றார். மூன்று முறை நாள் குறித்தேன். மூன்று முறையும் அன்றைக்கென்று பார்த்து வடகம் போட்டார். நான் கத்தினேன். கத்தினால்தானே கேட்கிறது என்று ஒரு சாக்கும் எனக்குக் கிடைத்தது. கடைசியில் போன மாதம் அம்மாவும் கத்தினார்:

“எனக்கு மட்டுமா? எங்க லைன்ல யாருக்குத்தான் நல்லா கேக்குது? பாக்கியத்தப் போய்ப் பாரு.”

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாக்கியம் ஆன்டி அம்மாவுக்கு அடுத்த இயந்திரத்தில் நின்றவர். அன்று அவர் வீட்டில் பழைய தொழிற்சாலை லைனிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். தொலைக்காட்சி அலறியது. அதற்குமேல் ஐந்து பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி சந்தோஷமாகக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து பேரில் அம்மா மட்டும்தான், என்னிடம் கத்தியதை மறந்தவர்போல், தனக்கு நன்றாகக் கேட்பதாக இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காதைக் காட்ட எல்லோருமாகப் போகலாம் என்று சொன்னேன். அவர்கள் யோசித்தார்கள். தனித்தனியாக மருத்துவமனைக்கு என்று சொல்லியிருந்தால் நடந்திருக்காது, ஐந்து பேரும் ஒன்றாக என்றதும் அது வெளியூர்ப் பயணம்போல் ஆகிவிட்டது. வழியில் சாப்பிட நாசி லெமாக் கட்டிக்கொள்ளவா என்று பாக்கியம் ஆன்டி கேட்டார்.

அந்தக் கல் பங்களாவை இப்போது மூடிவிட்டார்கள். கூரை ஒழுகுகிறதாம், வேலி போட்டிருக்கும் படத்தை யாரோ அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக் காலையும் மாறிவிட்டது. ஆறேழு மாதமாக அம்மா ரேடியோவைத் தொடுவதில்லை. வெறும் இரைச்சலாக இருக்கிறது என்கிறார். பாட்டோடு சேர்ந்து பாடுவதும் நின்றுவிட்டது. எதிர்வீட்டு அங்கிள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். எத்தனை முறை நான் குறைத்த சத்தம் அது. இப்போது ஐந்தரை மணிக்கு விழித்துக்கொண்டு, கேட்க ஒன்றுமில்லாமல் படுத்திருக்கிறேன்.

நேற்று அரை நாள் விடுப்புப் போட்டு, அவர்கள் ஐந்து பேருடைய அடையாள அட்டை நகல்களையும் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கில் வரிசையில் நின்றேன். முகப்பில் இருந்த பெண், ஒரே காலையில் ஐந்து பேரா என்று கேட்டார். ஒரே லைன் என்றேன். விண்ணப்பப் பாரங்களை நானே நிரப்பினேன். எங்கே வேலை, என்ன இயந்திரம், எத்தனை வருடம், எல்லாம் தெளிவான கையெழுத்தில். முதல் பெயர் அம்மாவுடையது. வீட்டுக்கு வந்து காட்டியபோது, அதை அடித்துவிட்டுப் பாக்கியத்தை முன்னால் போடச் சொன்னார். முடியாது, பேனாவில் எழுதியாகிவிட்டது என்று அவர் முன்னால் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னேன். வியாழக்கிழமை காலை எட்டு மணி.