ஸ்வெட்டருக்குள் நாலு கிலோ

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. எழுதிக்கொள்ள இப்போதுதான் ரெஜினா டீச்சர் அனுமதி கொடுத்தார்!

டீச்சர் ஏற்காட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். மார்பகப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் ஆறு. மலையிறங்கி சேலம் போய்வர நான்தான் துணை.

மூன்றாவது கீமோ முடிந்ததும் கடும் காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தாறுமாறாகக் குறைந்துவிட்டன. ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம்.

நாலாவதுக்குப் போனபோது டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். உயரம், எடை, சாப்பாடு, ரத்தப் பரிசோதனை எல்லாம் கொடுத்தால், மருந்துக்குப் பிறகு அணுக்கள் எவ்வளவு இறங்கும், எப்போது ஏறும் என்று கணக்குப் போட்டுக் கோடு வரைகிற புரோகிராம். டீச்சரின் நிஜ ரத்த அளவுகளோ கோட்டுக்கு எங்கேயோ கீழே புள்ளிகளாகக் கிடந்தன.

"கணக்கு தப்பா, நாம குடுத்த நம்பர் தப்பான்னு தெரியலைங்க டீச்சர். நல்லா சாப்பிடறீங்களா?"

"நொம்ப நல்லா சாப்பிடறனுங்க."

பொய். கஞ்சிகூட இறங்குவதில்லை என்று எனக்குத் தெரியும்.

"சரி, ஸ்வெட்டரைக் கழட்டிட்டு எடை மெஷின்ல நில்லுங்க."

 டீச்சர் மெதுவாக ஸ்வெட்டருக்குள் கைவிட்டு இரண்டு எடைக்கற்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். வீட்டில் மிளகு நிறுக்கிற கற்கள். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ!

"எடை கொறைஞ்சா டோஸைக் கொறைச்சுருவீங்களாமா. கொறைச்சா கட்டி ஜெயிச்சுருமுங்களே... எனக்கு முழுசா வேணுங்க டாக்டர்."

டாக்டர் திட்டவில்லை. உண்மையான எடையைப் போட்டார். கோடு இறங்கிப் புள்ளிகளை நெருங்கியது.

"பாருங்க. டோஸ் அதிகமானா காய்ச்சல். காய்ச்சல் வந்தா அடுத்த கீமோ தள்ளிப் போகும். தள்ளிப் போற நாளெல்லாம் கட்டி வளர்ற நாளுங்க."

டீச்சர் கோட்டையே பார்த்தார். கண்ணைத் துடைத்தார். "அந்தச் சரிவு எப்படிங்க வருது?" என்று ஆரம்பித்தவர், பத்து நிமிடம் டாக்டரைக் குடைந்து எடுத்துவிட்டார். கடைசியில்:

"கொறைச்சே போடுங்க. ஆனா ஒரு நாள்கூட நான் தள்ள உட மாட்டனுங்க."

விடவில்லை. ஐந்தாவது கீமோவன்று மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்தார். "ஏனுங்க, பாத்துட்டு நிக்கறீங்க? வாங்க!" அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸை சேலத்துக்கே திருப்ப வைத்தார்!

ஆறும் முடிந்தன. ஆபரேஷனும் ஆயிற்று. எடுத்த இடத்தில் புற்றணு எதுவும் மிச்சமில்லை என்று ரிப்போர்ட். இன்னும் பல வருஷம் செக்கப் உண்டு.

உண்மை தெரிந்துகொள்ளத்தானே டாக்டரிடம் போகிறோம்? போனதும் நாம் முதலில் சொல்வது பொய்!

போன வாரம் எனக்கு பி.பி. பார்த்தவர் கேட்டார் — "தினமும் வாக்கிங் போறீங்களா?"

வாயைத் திறந்தேன்... பக்கத்து நாற்காலியில் ரெஜினா டீச்சர்.