நான் அடித்துவிட்ட ஊர்

போன பள்ளி விடுமுறையில் என் மகன், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேனிலேயே சிங்கப்பூர்வரை போய் வரலாம் என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான். "அம்மா, எங்கெங்க நிறுத்தலாம்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள், என்னைக் கேட்காதே என்று எரிந்து விழுந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஊர்ப்பட்டியல் என்றாலே எனக்கு ஆகாது. ஒன்பது வயதில் ஒன்று எழுதினேன். அந்தக் கோபமே இன்னும் தீரவில்லை.

அப்போது நாங்கள் பினாங்கில், டத்தோ கிராமட் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், பட்டறையில் பஸ்களுக்கு மரக்கூண்டு கட்டும் தச்சர். வண்டியும் ஓட்டுவார். ஜப்பான் சண்டைக்கு ஐந்தாறு வருடம் முன்பு, அவர் கட்டி முடித்த ஒரு பஸ்ஸைச் சிங்கப்பூரில் வாங்கியவரிடம் கொண்டுபோய் ஒப்படைக்கும் வேலை வந்தது. அவசரமில்லை, மெதுவாகப் போ என்று தவுக்கே சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அன்று மாலையே யோசனை உதித்துவிட்டது. குடும்பத்தோடு போவது. பஸ்ஸிலேயே சமையல், பஸ்ஸிலேயே படுக்கை, திரும்பி வரக் கப்பல். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, நான், ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு தம்பிகள், தூளியில் கிடந்த தங்கச்சி. பஸ்ஸில் பத்து நாள் அடைத்துக்கொண்டு போக இதைவிடத் தோதான கூட்டம் கிடைக்காது.

வீட்டில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா எழுதினால் கோணிக்கொண்டு போகும். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. ஆகவே அப்பா சொல்லச் சொல்ல, நான் பள்ளிக்கூட மையில் எழுதினேன். பட்டர்வொர்த், தைப்பிங், ஈப்போ, கம்பார், பீடோர், கோலாலம்பூர், சிரம்பான், மலாக்கா, ஜொகூர், சிங்கப்பூர். எழுதி முடித்து உரக்கப் படித்தேன். பீடோர் வந்ததும் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பீடோரிலிருந்து நாலு மைலில் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கேதான் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, மரம் சீவிக்கொண்டிருந்தாள். தாயில்லாத அம்மாவைத் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்ததிலிருந்து அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து வருடம்.

"அப்ப அக்காவப் பாத்துட்டுப் போலாமாங்க?" என்றாள்.

அப்பா "ம்" என்றார்.

அந்த ஒரு "ம்"மை நம்பி அம்மா மறுநாளே பாசாருக்குப் போய் ஜாதிக்காய் வாங்கி வந்து, தோலைச் சீவி, சர்க்கரையில் ஊறப்போட்டு ஒரு ஜாடி நிறைய வைத்தாள். அக்காவுக்காம். நாங்கள் தொட்டால் கையை ஒடித்துவிடுவாளாம். எங்களுக்கு மிரட்டல், தனக்குத் தானே சிரிப்பு. அம்மா பாட்டுப் பாடி நான் கேட்டதும் அந்த இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் அப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பட்டியலைக் கொண்டு வா, மையையும் எடுத்துக்கொள் என்றார். பஸ் பச்சைப் பூச்சு மணக்க நின்றது. ஏறி உட்கார்ந்ததும், "அந்த பீடோர அடிச்சிரு புள்ள" என்றார்.

"ஏம்ப்பா?"

"அந்தத் தோட்டத்து ரோடு சரியில்ல. புது பஸ்ஸு, சேத்துல மாட்டிக்கிச்சுன்னா தவுக்கேக்கு யாரு பதில் சொல்றது? அந்த ஒரு நாள சிங்கப்பூர்ல வச்சுக்கலாம். அங்க மரக்குதிர ராட்டினம் இருக்கு. ரெண்டு நாளும் ஏறலாம்லா."

நான் அடித்தேன். ஒரு கோடு போதாதென்று, எழுத்தே தெரியாதபடி மை ஊறும்வரை அடித்தேன். அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாக அப்பா சொன்னார். பிறகு கூட வேலை செய்தவரிடம் திரும்பி, "தோட்டத்துக் கூலி லயத்துல போயி எம்புள்ளைங்க உக்காரணுமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. என் கண் முன்னால் குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று மாலை அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க, அந்த ஊருங்களப் படி" என்றாள். நான் வேகமாகப் படித்தேன். ஈப்போ, கம்பார், கோலாலம்பூர். அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே, எங்கே கவனித்திருக்கப் போகிறாள் என்று எண்ணம். அவளும் "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள், அப்பாவைப் போலவே.

மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். மழை வந்தால் சாரல் அடிக்குமே என்றாள் அம்மா. அப்பா ஜன்னலுக்கெல்லாம் கித்தான் தைத்து மாட்டினார். சின்னவன் தூக்கத்தில் உருண்டு விழுவான் என்றாள். படுக்கைப் பலகைக்குக் கைப்பிடிச் சட்டம் வந்தது. தூளி எங்கே கட்டுவது என்றாள். கூரையில் கொக்கி வந்தது. அடுப்பு கவிழும், பெட்டி அடித்தார். தண்ணீர் சிந்தும், குடத்துக்கு வளையம் போட்டார். அம்மா ஒரு குறை சொன்னால் அப்பா ஓர் ஆணி அடிப்பார். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு ஒரே பெருமை. எனக்கோ அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷிக்கு ஒரு சந்தோஷமும் ஆகாதா, எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவாளா என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். இத்தனைக்கும் நடுவில் மாலையானால், "அந்தக் காகிதத்த எடு, படி" என்பாள். ஏழு நாளும் படிக்க வைத்தாள். நான் ஏழு நாளும் கம்பாரிலிருந்து கோலாலம்பூருக்குத் தாவினேன்.

ஏழாம் மாலைக்கு மறுநாள் காலையில் சட்டிபானை, அரிசி, துணிமூட்டை எல்லாம் ஏறிவிட்டன. ஜாதிக்காய் ஜாடியை அம்மா மடியிலேயே வைத்திருந்தாள். படகுத்துறையில் ஃபெர்ரிக்காக வரிசையில் நின்றோம். அக்கரையில் பட்டர்வொர்த் தெரிந்தது. தம்பிகள் ஆளுக்கொரு ஜன்னலில் தொங்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"காகிதத்த எடு. படி" என்றாள் அம்மா.

எரிச்சலோடு படித்தேன். முடித்ததும் அவள் கையை நீட்டி, மைதிட்டிக் கிடந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னாடி?"

"தப்பா எழுதிட்டேம்மா. அடிச்சுட்டேன்."

அம்மா விரலை எடுத்தாள். பிறகு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகைப் பார்த்து, "என்னாங்க, இவ தப்பா எழுதிட்டாளாம்" என்றாள்.

அப்பா திரும்பவில்லை. "ஃபெர்ரி வந்திருச்சு. புள்ளைங்களப் பிடி" என்றார்.

அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தம்பிகளை ஒவ்வொருவராக இறக்கினாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் ஜாடியை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற? ஆளுங்க பாக்கறாங்க, ஏறு!" என்றார் அப்பா.

"உங்க பஸ்ஸுல கொடத்துக்குக்கூட எடம் இருக்கு. எங்க அக்காவுக்குத்தான் எடமில்ல. நீங்க போயிட்டு வாங்க."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அப்பாவின் முகம் கறுத்துப் போயிற்று. பஸ் போய்த்தான் ஆகவேண்டும். போனார். நாங்கள் வெயிலில் டத்தோ கிராமட்வரை நடந்தோம். நான் வழியெல்லாம் அழுது கத்தினேன். "ஒரு ஊருக்காக ஒம்போது ஊரக் கெடுத்துட்டீங்க!" என்றேன். வேறு நாளாக இருந்தால் முதுகு வீங்கியிருக்கும். அன்று அம்மா அடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. நான் பேசாததை அவள் கேட்கவும் இல்லை.

அப்பா கப்பலில் திரும்பி வந்தார், எனக்கு ஒரு தகரக் குதிரையோடு. கேட்டவர்களிடமெல்லாம், பெண்டாட்டிக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பொய்க்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சண்டைக் காலத்தில் பெரியம்மா தோட்டத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பல வருடம் கழித்துக் கோலாலம்பூருக்குப் போகும் வழியில் பீடோரில் பஸ் நின்றது. காப்பிக் கடைக்காரரிடம், அந்தத் தோட்டத்து ரோடு அந்தக் காலத்தில் சேறாக இருக்குமா என்று கேட்டேன். "சேறா? சண்டைக்கு முந்தியே தாரு போட்டாச்சும்மா. தொர காரு போற ரோடாச்சே" என்றார். காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

அப்பாமேல் கோபப்படுவது எனக்குச் சுலபம். அதை இத்தனை வருடமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முதல் நாளே பீடோர் என்று என் வாயால் கேட்டவள் அம்மா. அந்தப் பெயர் விடுபட்டுப்போனது மூன்றாம் நாளே அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஏழு மாலை என்னை எதிரே உட்கார வைத்து, படி படி என்றாள். ஊர்ப்பெயர் மனதில் நிற்காமல்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா எனக்கு ஏழு நாள் தவணை கொடுத்திருக்கிறாள்.