பேஸ் டிரம்மின் வயிற்றில் இருந்தவை

கோவளத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன தேவாலயத்தில் கலைவாணன் பதினோரு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறார். வாரத்தில் ஆறு நாள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் ஏ.சி.களைப் பராமரிக்கிறார். ஆயிரம் பேருக்குக் குளிர் தரும் அவருடைய பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மட்டும் ஊரே அவரைத் திரும்பிப் பார்க்கும். பெரும்பாலும் முறைத்துத்தான்.

காரணம், காலால் மிதித்து அடிக்கிற அந்தப் பெரிய பேஸ் டிரம். வாங்கிய புதிதில் அது ஓர் அடி அடித்தால் ஓயாது. தகரக் கூரையும் தன் பங்குக்கு இன்னொரு முறை அதிரும். அப்போதுதான் பாடகர் குழுவில் ஒரு சட்டம் பிறந்தது. எங்கும் எழுதப்படாதது, இதுவரை மீறப்படாததும்கூட. பேஸ் டிரம் பற்றிப் புகார் சொல்கிறவர், அதை அடக்கத் தேவையான பொருளைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்து அதன் வயிற்றுக்குள் வைக்க வேண்டும்.

போதகரின் மனைவி ஒரு தலைகாணி கொடுத்தார். படகுக்காரர் கண்ணாயிரம் கிழிந்த நைலான் வலை ஒரு சுருள் கொடுத்தார். கலைவாணனின் மனைவி அன்பரசி, வீட்டிலேயே புகார் தாக்கல் செய்து, ஒரு பழைய புடவையை ஒப்படைத்தார். கீபோர்டு வாசிப்பவரும் குழுத் தலைவியுமான ஜெனிட்டா கொடுத்தது ஒரு பூப்போட்ட துண்டு. இப்படியே வருடங்கள் போயின. புகார்கள் உள்ளே போயின. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். டிரம், மேடையில் அரிசி மூட்டையை இறக்குவது போல 'தொப்' என்கிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெனிட்டா வந்தார்.

"அண்ணா, அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்டியே இருந்துச்சினா கீபோர்டுலயே ரிதம் போட்டுக்கறேன். நீங்க கோரஸ்ல நின்னு பாடுங்க."

கலைவாணன் பாடிக் கேட்டவர்கள் அந்தச் சபையில் உண்டு. எனவே இது அவருக்கு மட்டும் வந்த ஆபத்தல்ல.

வியாதி தோலில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். டிரம்மின் முகத்தில் மாட்டும் பிளாஸ்டிக் தோலை ஹெட் என்பார்கள். பழைய ஹெட் பதினோரு வருட மிதி வாங்கி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஓரத்தில் சத்தத்தை அடக்கும் வளையத்தோடேயே வரும் புது ஹெட்டுகள் உண்டு என்று சொன்னவர் அன்பரசியின் தம்பி ரஞ்சித்குமார். மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் டிரம்ஸ் வாசிப்பவர். பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் மூன்று விதம் கொண்டுவந்தார்: மெல்லிய வளையம் ஒட்டிய ஒற்றைத் தோல், தடித்த வளையத்தோடு இரட்டைத் தோல், ஓரமெல்லாம் ஸ்பாஞ்சு வைத்தது.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆய்வு தொடங்கியது. கலைவாணன் அலுவலகத்து ஏ.சி. பராமரிப்புத் தாளையே கொண்டுவந்திருந்தார். ஹெட் எண், நிலை, எடுத்த நடவடிக்கை, மேற்பார்வையாளர் கையொப்பம் என்று கட்டங்கள். 'அறை வெப்பநிலை' என்றும் ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட மனம் வராமல் முப்பத்தொன்று என்று எழுதினார்.

ஜெனிட்டா கடைசி பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்தார். எது எந்த ஹெட் என்று அவருக்குத் தெரியக் கூடாதாம். முதல் ஹெட்டை மாட்டினார்கள். தொப். இரண்டாவது. தொப். மூன்றாவது. தொப். மூன்றுக்கும் பத்துக்கு மூன்று என்று தீர்ப்பு வந்தது.

மூன்று விதத் தோலும் எப்படி ஒரே குரலில் பேசும்? கலைவாணன் கடைக்காரரைச் சந்தேகித்தார். கூரையைச் சந்தேகித்தார். கடல் காற்றின் ஈரத்தைச் சந்தேகித்துத் தாளில் குறித்துக்கொண்டார். அதற்குள் ரஞ்சித்குமார் நான்காம் முறையாகத் தோலைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"மச்சான், உள்ள தலைகாணி கீது."

"அது பாஸ்டர் வூட்டம்மா குடுத்தது."

"வலை கீது."

"அது கண்ணாயிரத்துது."

"அத்த எடுத்துட்டு அடிக்கலாமே?"

கலைவாணன் அவரை விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒருவரின் பொருளை எடுப்பது அவர் புகாரைத் தள்ளுபடி செய்வதாகாதா? பதினோரு வருடத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை, ரிசார்ட்டில் வாசிக்கிறவருக்குத்தான் தோன்றும்.

ஜெனிட்டா எழுந்து வந்தார். அந்த டிரம்முக்குள் உண்மையில் என்னதான் சத்தம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கே ஆசை வந்துவிட்டது. குனிந்து தன் பூப்போட்ட துண்டை உருவினார். மற்றவர்களிடம் போனில் முறைப்படி அனுமதி கேட்கப்பட்டது. போதகர் மனைவிக்குத் தலைகாணி கொடுத்ததே நினைவில்லை. கண்ணாயிரம் அந்த வலையை இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

வெறும் வயிற்றோடு மறுபடி சோதனை. ஸ்பாஞ்சு வைத்ததில், கடைசி பெஞ்சுக்குப் பெடல் ஸ்பிரிங்கின் முனகல்தான் கேட்டது. இரட்டைத் தோல் 'தப்' என்று அறைந்தது. மெல்லிய வளையம் ஒட்டிய ஒற்றைத் தோலைச் சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் முறுக்கி அடித்தபோது 'தும்' என்றது. கூரை அதிர்வதற்குள் நின்றும் விட்டது. பத்துக்கு ஒன்பது.

சந்தோஷத்தில் ஒரு பாட்டை முழுசாக வாசித்துப் பார்த்தார்கள். பாதியில் ஜெனிட்டா நிறுத்தினார்.

"ஹெட்டு நல்லாகீதுண்ணா. உங்க காலுதான் லேட்டு."

கலைவாணன் பெடலைப் பார்த்தார். "எப்பத்திலேர்ந்து?"

"தெர்ல. இத்தினி நாளா காலே கேக்கலையே."

பல வருடமாகத் தலைகாணியும் வலையும் புடவையும் சேர்ந்து காப்பாற்றி வந்த ரகசியம் அது. ஒற்றைத் தோல் ஒரே பாட்டில் போட்டுக் கொடுத்துவிட்டது. ரஞ்சித்குமார் மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலைவாணன் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது.

"புகார் சொன்னது நீ. இன்னா குடுக்கப் போற?"

ஜெனிட்டா கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அது இதற்கு உதவாது. கடைசியில் கீபோர்டிலிருந்து ஓர் இயர்போன் ஒயரை இழுத்து, அதன் டிக் டிக் தாளத்தை அவர் வலது காதுக்குக் கொடுத்தார்.

மறுநாள் ஆராதனையில், கலைவாணன் இடத்துக்கு வர இருந்த கீபோர்டு அவர் காதுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அதுவே கொஞ்சம் வருத்தம். ஆய்வுத் தாளில் 'நிலை' என்ற கட்டத்தில் இப்படி எழுதினார்: ஹெட் சரி. கால் கண்காணிப்பில்.

மேற்பார்வையாளர் இடத்தில் ஜெனிட்டா கையெழுத்துப் போட்டார்.