நான் ‘சரி’ அழுத்திய ஜெபம்

மூத்த பேரன் விழுப்புரத்தில் வக்கீல். இளையவன் போலீஸ் தேர்வில் பாஸ். பேத்தி ஸ்டெல்லா திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்து, எங்கள் கோயிலுக்கு வெப்சைட்டே செய்தாள். அதுதான் அவளுக்கு முதல் வேலை.

அதில் ஜனங்கள் எழுதும் ஜெபங்களுக்கு ‘சரி’ அழுத்துவது என் பொறுப்பு. யாருடைய ஜெபத்தையும் தள்ளக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் அழுத்துவேன். நேற்று ஒன்று இங்கிலீஷும் கோடும் புள்ளியுமாக வந்தது. ஐந்தாவது படித்த எனக்கு அதுவும் ஜெபமாகத்தான் தெரிந்தது.

இன்று காலையிலிருந்து கோயில் பக்கத்தைத் திறந்தால் சீட்டாட்டப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

“ஆயா, அது ஜெபம் இல்ல, கம்ப்யூட்டருக்குப் போட்ட கட்டளை. ஜெபப்பெட்டியை ஓட்டுற பிளகின்னு ஒரு சின்ன ப்ரோக்ராம், அதுல ஓட்டை இருக்குது. புதுசு வந்தும் நான் மாத்தாம வுட்டுட்டேன்.”

“அழுத்துனது நான்தானடி, என்னைத் திட்டு.”

“ஃபாதர் வெப்சைட்டுக்கு வேற ஆளைத் தேடிக்கினு இருக்காரு ஆயா.”

அழுதுகொண்டே கிடக்கிறாள், ஒரு வாய் சாப்பிடவில்லை.

தயவுசெய்து அந்தப் பக்கத்தை யாரும் திறக்காதீர்கள். புதிதாக எடுத்த கோயில் திருவிழாப் படங்களை இந்த ஃபேஸ்புக் குழுவிலேயே போடுங்கள். ஃபாதர் மனம் இரங்க, கீழே ஆளுக்கொரு ஜெபம் எழுதுங்கள்.

தமிழில் எழுதுங்கள். இங்கிலீஷில் வந்தால் இனி ஆண்டவரே எழுதினாலும் ‘சரி’ அழுத்த மாட்டேன்.