குளியலறை ஜன்னலில் ஒரு பூ

உலர்தாவரக் காப்பகத்தில் அவளை ஒட்டுக்காரம்மா என்பார்கள். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது அவள் வேலை. தடித்த தண்டை ஊசிநூலால் தைத்து, ஓர் இலையைக் குப்புறவும் இன்னொன்றை நிமிர்த்தியும் போட்டு, உதிர்ந்த பூவைச் சின்ன உறையில் மடித்து வைத்து, மூலையில் விவரச் சீட்டை ஒட்டினால் ஒரு தாள் முடிந்தது. இருபத்தாறு வருடத்தில் பல்லாயிரம் தாள். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. கண் மட்டும் படித்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கண்தான் வினையை வீட்டுக்குக் கூட்டிவந்தது. பஸ் நிறுத்தத்தருகே மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டிப் போட்டிருந்த கிளையில் ஒரு சின்ன ஆர்க்கிட் தொற்றிக்கொண்டிருந்தது. நகத்தளவு குமிழ்கள், குமிழுக்கு ஓர் இலை. அவள் ஒட்டிய எந்தத் தாளிலும் அது இல்லை. கிளைத்துண்டோடு பையில் போட்டு எடுத்துவந்து, ஈரம் நிற்கிற இடம் என்று குளியலறை ஜன்னலில் தொங்கவிட்டாள்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற புருஷனுக்கு அது பிடிக்கவில்லை. “மரத்தோட ரத்தத்தைக் குடிக்கிற சனியனுக்கு நம்ம பாத்ரூம்ல குடித்தனமா?”

“அது ஒண்டிக்கிட்டு இருக்குமே தவிர, ஒரு சொட்டு உறிஞ்சாது. உங்க தம்பி மாதிரி இல்ல.”

இரண்டு வருடம் கழித்துப் பூத்தது. அரிசியளவு பூ, மஞ்சளில் பழுப்புப் புள்ளி. ஆர்க்கிட் பூவுக்கு உதடு என்று ஓர் இதழ் உண்டு. பெரும்பாலும் கீழே தொங்கும். இந்தப் பூவில் அது மேலே நின்றது. அழுத்தி, காயவைத்து, தாளில் ஒட்டிக் காப்பகத் தலைவரிடம் கொண்டுபோனாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பூவைத் தலைகீழா ஒட்டியிருக்கீங்கம்மா.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருடத்தில் ஓர் இலையைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை. அடுத்த வருடம் பூத்ததும் செடியையே வாளியில் வைத்து, இரண்டு பஸ் மாறி வந்து, அவர் மேசைமேல் வைத்தாள். தலைவர் லென்ஸை எடுத்தார். கால்மணி நேரம் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த அறையில் முதல்முறையாக, “உக்காருங்கம்மா” என்றார்.

புதிய இனம்தான். உலகத்தில் யாரும் எழுதாதது. அதற்கு விவரம் எழுதிப் பெயர் வைத்து ஆய்விதழில் வெளியிட வேண்டும். ஒரு குமிழையும் பூங்கொத்தையும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தலைவர் சொன்னார்: “ஒரு மரபு இருக்கும்மா. கட்டுரை எழுதுறவங்க தன் பேரைத் தானே வைக்கக் கூடாது. உங்களைக் கட்டுரையில சேர்த்தா பூவுக்கு உங்க பேர் கிடையாது. எது வேணும், சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? நூறு வருடம் முன்னால் செத்தவர்களின் பெயர்கள் செடிகளில் பிழைத்துக் கிடப்பதைத் தினம் தன் கையால் ஒட்டியவள் அவள். பிள்ளைகுட்டி இல்லை. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டிலும் ஆளில்லை. “இந்தா” என்றால் திரும்ப வேண்டும்.

“பூவுக்கே வையுங்க சார். அது போதும்.”

கட்டுரையில் அவளைச் சேர்க்கவில்லை. எட்டு மாதம் காத்திருந்தாள். இத்தனை நாள் கேலி பேசிய புருஷன் முடிவெட்டும் கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்: “எங்க வீட்டம்மா பேர்ல பூ வருது.” அவர் பெருமைப்பட்டு அவள் பார்த்தது அந்த எட்டு மாதம்தான்.

ஆய்விதழ் வந்தது. பூவுக்கு, காப்பகத்தின் புதுக் கட்டடத்துக்குக் கொடை தந்தவருடைய மனைவியின் பெயர். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் தலைவர். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ‘ஒட்டுப் பணியாளருக்கும் ஓட்டுநருக்கும் நன்றி’. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். அதில்கூடத் தலைவர் பெண்டாட்டி இல்லை, அடுத்தவர் பெண்டாட்டி.

“கடைசி நேரத்துல மேலிடத்துல சொல்லிட்டாங்கம்மா” என்றார் தலைவர்.

“மாத்த முடியாதா சார்?”

“அச்சுல ஏறிட்டா உலகத்துல யாராலயும் மாத்த முடியாது. விதி அப்படி.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. “அப்புறம், அந்த அம்மா திறப்பு விழாவுக்கு வராங்க. உயிரோட இருக்கிற செடியைக் கொண்டுவந்து வச்சிருங்க.”

“அது செத்துப்போச்சு சார்.”

வாய் கூசவில்லை. வேறு செடி தேடித் தலைவர் ஆள் அனுப்பினார். சாலையை அகலப்படுத்தியதில் அந்தப் பஸ் நிறுத்தத்தருகே ஒரு மரமும் மிச்சமில்லை; சுற்றுவட்டாரத்திலும் கிடைக்கவில்லை. இனம் அழிந்துவிட்டது என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். புது இனத்துக்கு ஆதாரமாக என்றைக்கும் வைத்திருக்கும் மூலத்தாளை ஒட்டும் வேலையும் அவளுக்கே வந்தது. கோணலாக ஒட்டிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். பாழாய்ப்போன கை கேட்கவில்லை. உதடு மேலே நிற்க, பிசிறில்லாமல் ஒட்டி முடித்தது. சீட்டில் அந்த அம்மாவின் பெயரையும், அதற்குக் கீழே ‘உயிர்ச்செடி இல்லை’ என்றும் முத்துமுத்தாக எழுதினாள்.

செடியைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் போன புருஷன் வாயில் நுரையோடு கத்தினார்.

“இந்தா! உன் பூ பூத்திருக்கு, வந்து பாரு!”

ஓடிப்போய்ப் பார்த்தாள். பதினாறு பூ, இதற்குமுன் இத்தனை பூத்ததில்லை. பார்த்த கணத்தில் அந்த அம்மாவின் பெயர்தான் மனதில் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. வேண்டுமென்றே தன் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டது போலிருந்தது.

“என்ன, உன் பூதானே?”

“அது என் பூ இல்ல” என்றாள். “வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க, நான் குளிக்கணும். வேலைக்கு நேரமாச்சு.”