சித்தப்பா படத்துக்குப் பத்து மார்க்

எண்ணூர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்தபோது எங்களுக்கு ஓவிய வகுப்பு உண்டு. ஓவிய அறை என்பது உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய ஷெட். ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையச் சாம்பல் தாளில் வந்து உட்காரும். ஷேடிங்குக்கு நாங்கள் சிரமப்பட்டதே இல்லை.

இறந்தவர்களின் சின்ன போட்டோவைப் பெரிதாக வரைந்து விற்பது ஓவிய சாரின் உபதொழில். அதையே எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார். போட்டோ மேல் சின்னக் கட்டம், தாளில் பெரிய கட்டம்.

"மூஞ்சியப் பாத்தின்னா கை ஆடும். கட்டத்த மட்டும் பாரு" என்பார்.

நான் சித்தப்பாவை வரைந்தேன். நெட்டுக்குப்பத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் ஒதுங்கியது. உடல் கிடைக்காதவர் சட்டப்படி ஏழு வருஷம் உயிரோடிருப்பார். பின்னாளில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வில் வெளியேறும்வரை நானே பலரை அப்படி ஃபைலில் உயிரோடு வைத்திருந்தேன். குப்பத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காரியத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் வந்து வந்து சொன்னார்கள்.

"கடலு குடுக்கலன்னா இன்னும் வெச்சிகினு கீதுன்னு அர்த்தம். போய் உன் வலையப் பாரு நைனா" என்று சித்தி துரத்துவாள். அவள் நெற்றிக் குங்குமம் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. வீட்டில் யாரும் அழக்கூடாது என்பது அவள் போட்ட உத்தரவு. அம்மாவும் அக்கா என்ற சலுகை இல்லாமல் அதற்குக் கட்டுப்பட்டாள்.

படம் முடிந்ததும் சார் வாங்கிப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. கை பழகிய பழக்கத்தில் கறுப்பு மையைத் தொட்டு, கழுத்தில் ஒரு சந்தன மாலையைச் சுற்றிவிட்டார். அவர் கையில் எந்த முகமும் மாலையோடுதான் முடியும். கீழ் மூலையில் பத்துக்குப் பத்து போட்டார். அதுவரை வகுப்பில் எவனும் அதைக் கண்டதில்லை.

ஓடிவந்து சித்தியிடம் விரித்தேன்.

"அந்த மூக்கு அப்டியே அவருதான்டா!" என்று சிரித்தாள். பிறகு அவள் விரல் கீழே மாலைக்கு இறங்கியது.

"இத்த ஆரு போட்டது?"

"சாரு, சித்தி. அவரே போட்டாரு. வேற ஆருக்கும் போடல."

கத்தரிக்கோலை எடுத்துத் தாடைக்குக் கீழே சீராக வெட்டினாள். மாலை தரையில் விழுந்தது. அதோடு என் மார்க்கும்.

"அய்யோ, போச்சே!" என்று வாய்விட்டு அழுதேன். எது போச்சு என்று யாரும் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்த அம்மா, சித்தப்பாவின் தலையையும் அழும் என்னையும் பார்த்தாள்.

"பச்சப்புள்ளைக்கே தெரிஞ்சிபோச்சேடி! ஒனக்கு இன்னும் இன்னாடி?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அத்தனை நாள் அடக்கியது. சத்தம் தெருவுக்குப் போனது.

பெண்கள் வந்தார்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து ஒப்பாரிக்கு வட்டமாக உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்துவிட்டால் ஆள் செத்தது உறுதி; அதற்கு மேல்முறையீடு இல்லை.

"அய்யோ, எய்ந்துருங்கடி, வந்துருவாரு" என்று சித்தி ஒவ்வொருத்தி கையாகப் பிரித்துப் பார்த்தாள். கடைசியில் அவளையும் நடுவில் இழுத்து உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

ஆத்திரத்தில் படத்தைக் கெடுத்துவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். சோற்றுப் பருக்கையை நசுக்கி இரண்டு துண்டையும் ஒட்டினேன். மாலை அச்சாகப் பொருந்தியது. பெண்களுக்கு நடுவே புகுந்து அவள் மடியில் வைத்தேன்.

"சரி பண்ட்டேன் சித்தி, அழாத" என்றேன்.