கறுத்தக்கொழும்பான் மணந்த கார்

லண்டனில் தை மாதக் குளிரில் பஸ் தரிப்பிடத்தில் நின்றால் மாம்பழம் மணக்கும். மரத்தைத் தேடாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் வேப் என்ற மின்சிகரெட்டை இழுக்கிறார். கடையில் வாங்கும் மாம்பழத்துக்கோ மணமே கிடையாது. சிகரெட்டை விட்ட கையோடு நானும் ஒரு வேப் வாங்கினேன். அது புகையில்லை, வெறும் ஆவி என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். கண்ணை மூடி இழுத்தால் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எங்கள் வீட்டு வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தடிதான்.

என் மனைவி வசந்திக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு, அதாவது ஆஸ்மா. கொக்குவிலில் எங்கள் கலியாணத்தன்று ஓமப்புகையில் அவளுக்கு இழுக்கத் தொடங்க, நான் சால்வையைக் கழற்றி விசிறினேன். "தம்பி, அக்கினியை நூத்துப்போடாதையும்!" என்று ஓமத்தீ அணைந்துவிடும் பயத்தில் ஐயர் பதறினார். இருமலுக்கு நடுவே அவளும் சிரித்தாள். அந்த வீரனாகிய நான்தான் போன கிழமை, கண்ணாடி ஏற்றிய காருக்குள் அவளை வைத்துக்கொண்டு வேப் ஊதினேன்.

"இஞ்சாருங்கோ, உங்கடை மாம்பழம் என்ரை நெஞ்சுக்குள்ளை நிக்குது" என்றாள். பிறகு பேச்சில்லை, நெஞ்சில் விசில் சத்தம் மட்டும். காரை ஓரங்கட்டினேன். கைப்பையைக் கொட்டி, அவளுடைய இன்ஹேலர் பம்பைத் தேடியெடுத்துக் குலுக்கி, "இப்பிடி இழும்" என்று என் வாய்க்குள்ளேயே அடித்துக்கொண்டேன். அவள் பறித்து இழுத்தாள். மூச்சு திரும்பியதும் முதல் வார்த்தை: "தொய்வு எனக்கப்பா, உங்களுக்கில்லை!"

நேரே மருத்துவ நிலையத்துக்கு ஓடினோம். வீட்டில் யாராவது புகைக்கிறீர்களா என்று தாதி கேட்டார். "இல்லவே இல்லை" என்றேன், மாம்பழ மணத்தோடு. அவர் மூக்கைச் சுருக்கினார். வேப்தானே, எனக்குத்தான் ஆஸ்மா இல்லையே என்று நான் சமாளித்ததும், மூச்சின் பலத்தை அளக்க ஊதிப் பார்க்கும் குழாயை நீட்டினார். நாதஸ்வர வித்துவான்கள் பிறந்து வளர்ந்த அளவெட்டிக்காரன் நான். நெஞ்சை நிமிர்த்தி ஊதினேன். அளவு காட்டும் முள் பாதி வழியில் நின்றது. இருமல்தான் நிற்கவில்லை.

"போதும், அளவெட்டியார் ஊதினது காணும்" என்றாள் வசந்தி.

தாதி சொன்னதில் எனக்கு விளங்கியது இது: ஆஸ்மாக்காரரின் மூச்சுக்குழாய் முன்கோபி, ஆவி பட்டதும் சுருங்கிச் சண்டைக்கு வரும். மற்றவர்களுடையது அமசடக்கு, எரிச்சலைச் சொல்லாமல் சேர்த்து வைக்கும்.

வேப்பை விட்டுவிட்டேன். நேற்றுத் தரிப்பிடத்தில் ஒருவர் மாம்பழம் ஊத, கழுத்துத் துணியைக் கழற்றி வசந்திக்கு விசிறினேன். "வெக்கையாக இருக்கிறதா?" என்று அவர் கரிசனையோடு கேட்டார், அந்த உறைகுளிரில். ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு காற்று வரும் பக்கம் நகர்ந்தேன். என் மூக்கு மட்டும் அந்த மாம்பழ மணத்தோடு கொஞ்சம் பின்னாலேயே நின்றுவிட்டது.